ஒப்பீட்டுக் குழாயில் கலந்த விதை: ஆல்ஃபா-சைனுக்ளின் திரட்சி ஆய்வில் ஒரு நிகழ்வு

பின்னணி

இது எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. ஓர் ஆண்டுக்குச் சற்று மேல் நீடித்தது. அதில் ஏழு மாதங்கள் நாங்கள் தவறான ஒரு முடிவை நம்பிக்கொண்டிருந்தோம். தொடர்புடையவர்களின் ஒப்புதலோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்: முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருந்த மூத்த மாணவர், அதே மேசையின் மறுபக்கத்தில் வேலை செய்த முதுமுனைவர் ஆய்வாளர், புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவி. குழுவை நடத்துபவள் நான்.

நாங்கள் வேலை செய்வது ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதத்தில். 140 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறு புரதம். நரம்பணுக்களின் சந்திப்பு முனைகளில் மிகுதியாக இருப்பது. கரைசலில் தனியாக இருக்கும்போது இதற்கு நிலையான வடிவம் கிடையாது. கொழுப்புச் சவ்வில் ஒட்டினால் முன்பகுதி சுருளாக மாறுகிறது. 61 முதல் 95 வரையிலான நடுப்பகுதி நீரை வெறுப்பது. அது இன்னொரு மூலக்கூறின் அதே பகுதியோடு தட்டையாக அடுக்கிக்கொள்ளத் தொடங்கினால், அடுக்கு நீண்டு இழையாகிறது. ஒரே புரதம் யாரோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து அதன் கதியே மாறிவிடுகிறது.

1912ஆம் ஆண்டு பிரீட்ரிக் லூயி, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் உருண்டையான திரள்களைக் கண்டு விவரித்தார். அவற்றின் முக்கியப் பொருள் இந்தப் புரதம்தான் என்பது 1997இல்தான் தெரிந்தது. அதே ஆண்டில், சில இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் பரம்பரையாக வந்த நோய்க்கு இப்புரதத்தின் 53ஆம் இடத்தில் நேர்ந்த ஒற்றை மாற்றம் காரணம் என்பதும் வெளியானது. எனக்கு அவற்றைவிட ஆழமாகப் பட்டது 2003இல் வந்த செய்தி: ஒரு குடும்பத்தில் இந்த மரபணு மும்மடங்காகி இருந்தது. புரதத்தில் எந்தப் பிழையும் இல்லை. அளவு மட்டும் அதிகம். அதற்கே நோய் இளவயதில் வந்துவிட்டது.

இப்போதுள்ள மருந்துகள், மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்துபோனதை ஈடுகட்டுகின்றன. நோயின் போக்கை மெதுவாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஆகவே திரட்சியைத் தாமதப்படுத்தும் சிறு மூலக்கூறுகளைத் தேடுவது பல குழுக்களின் வேலையாக இருக்கிறது, எங்களுடையதும் அதுவே. பெரிய இழைகள்தான் நரம்பணுவைக் கெடுக்கின்றனவா, அவற்றுக்கு முந்தைய சிறு கூட்டங்களா என்ற விவாதம் தனியானது. இந்த நிகழ்வு அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை.

அளக்கும் முறை

நடந்த பிழையைப் புரிந்துகொள்ள முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூய்மையாக்கிய புரதத்தை 70 மைக்ரோமோலார் செறிவில், 96 குழிகள் கொண்ட தட்டில் ஊற்றுகிறோம். ஒவ்வொரு குழியிலும் கலக்குவதற்காக ஒரு சிறு உருண்டை மணி. தட்டு 37 டிகிரியில் இடைவிடாமல் குலுங்கும். கூடவே தயோஃபிளேவின்-டி என்ற சாயம். இது தனித்த புரதத்தோடு இருக்கும்போது மங்கலாகவும், இழைகளின் பள்ளங்களில் பதிந்துகொண்டால் பிரகாசமாகவும் ஒளிரும். ஏறத்தாழ 440 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி, 480ஐ ஒட்டி வெளிவரும் ஒளியை அளக்கிறோம்.

வரைபடம் படுத்திருக்கும் எஸ் எழுத்துப் போல இருக்கும். முதலில் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. இதைத் தாமதக் கட்டம் என்போம். பிறகு திடீரென்று ஏற்றம். கடைசியில் சமநிலை. முதல் இழை உருவாவதுதான் கடினம். உருவானபின் அதன் முனைகளில் மற்றவை வந்து சேர்வது எளிது. குலுக்கலில் இழை உடையும்போது ஒன்று இரண்டாகிறது, முனைகள் பெருகுகின்றன, ஓட்டம் பிடிக்கிறது. ஏற்கெனவே உருவான இழைத் துண்டு சிறிதளவு விழுந்தால் தாமதக் கட்டம் சுருங்கிவிடும். அதற்குத்தான் விதை என்று பெயர்.

சோதிக்கும் மூலக்கூறுகள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்து வைத்து, தாங்கல் கரைசலில் நீர்த்துச் சேர்ப்போம். அந்தக் கரைப்பானே ஏதாவது செய்துவிடக்கூடாது அல்லவா? அதனால் ஒப்பீட்டுக் குழிகளில் மூலக்கூறு இல்லாமல், அதே விகிதத்தில் நீர்த்த கரைப்பானை மட்டும் சேர்ப்போம். அது ஒரு 15 மில்லிலிட்டர் குழாயில் மேசைமேல், அறை வெப்பத்தில் நின்றது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தீர்ந்தால் கடைசியாக எடுத்தவர் மறுபடி தயாரித்து வைப்பார். அந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்டது

மூத்த மாணவர் அந்தக் காலத்தில் ஆறு மூலக்கூறுகளைச் சோதித்தார். ஐந்து, திரட்சியைத் தாமதப்படுத்தின. ஒன்று எதுவும் செய்யவில்லை. ஒப்பீட்டுக் குழிகளில் 17 முதல் 22 மணி நேரத்துக்குள் ஏற்றம் தொடங்கியது. ஐந்து மூலக்கூறுகளிலும் அது 40 மணி நேரத்தை ஒட்டித் தள்ளிப்போனது. அவற்றுள் மஞ்சள் நிறமுள்ள ஒன்று கூடுதலாக இன்னொன்றும் செய்தது: ஏற்றம் வந்தபிறகும் ஒளி பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை. தாமதமும் ஆகிறது, அளவும் குறைகிறது என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? அதையே தேர்ந்தெடுத்தோம்.

ஆறில் ஐந்து வெற்றி என்றவுடன் எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்து, சுமாரான மூன்றைத்தான் பிடித்திருந்தோம். எங்களுக்கு வந்ததோ பெருமிதம். இப்போது நன்றாகத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டோம் என்று குழுக்கூட்டத்தில் நானே சொன்னேன். என் குறிப்பேட்டில் அந்த வரி இருக்கிறது.

இன்னொரு தடயமும் கண்ணெதிரே கிடந்தது. முன்பெல்லாம் ஒப்பீட்டுக் குழிகளின் தாமதம் 36 முதல் 48 மணி நேரமாக இருந்தது. அது பாதியாகக் குறைந்ததை மூத்த மாணவர் கவனித்தார், கேட்கவும் செய்தார். "இந்தத் தடவை தயாரித்த புரதம் கொஞ்சம் வேகமானது" என்று பதில் சொன்னேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் சாக்கு அது. தயாரிப்புக்குத் தயாரிப்பு வேகம் மாறுவது உண்மைதான் என்பதால் யாரும் மறுப்பதில்லை. ஆனால் தடவைக்குத் தடவை மாறுவதன் காரணத்தை ஒருமுறையாவது தேடியிருந்தால், கணிசமான நேரங்களில் அது விதைக் கலப்பாகவே இருக்கும்.

அப்போது எடுத்த முடிவுகள்

மூன்று முறை திரும்பச் செய்தோம். மூன்று முறையும் அதே விடை. மூன்றிலும் அதே குழாய் இருந்தது என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. திரும்பச் செய்தல் என்றால் சோதனையைத் திரும்பச் செய்தோம், பிழையையும் சேர்த்து.

அந்த நம்பிக்கையில் மூன்று காரியங்கள் நடந்தன. உயிரணு வளர்ப்பில் தேர்ந்த வேறொரு குழுவுக்கு அந்த மஞ்சள் மூலக்கூறை அனுப்பினோம். மாநாடு ஒன்றுக்குச் சுருக்கவுரை அனுப்பினோம். நோயாளிகளின் குடும்பத்தினர் கூடிய ஒரு கூட்டத்தில், அழைப்பின் பேரில் பேசப் போன நான் இரண்டு வளைகோடுகளையும் திரையில் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், தம் மனைவிக்கு இது எப்போது கிடைக்கும் என்று கேட்டார். தட்டில் நடப்பதற்கும் மூளையில் நடப்பதற்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கின்றன என்று பதில் சொன்னேன். பதில் சரிதான். படத்தைக் காட்டியதுதான் அவசரம்.

காலிக் குழிகள்

முதலாண்டு மாணவி கைப்பழக்கத்துக்காக ஒரு தட்டு போட்டார். எந்த மூலக்கூறும் இல்லை. கரைப்பானும் சேர்க்கவில்லை, சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. புரதம், சாயம், மணி, அவ்வளவுதான். ஏற்றம் 41 மணி நேரத்தில் தொடங்கியது.

"நான்தான் எங்கேயோ தவறு செய்திருக்கிறேன், மேடம். எல்லோருக்கும் இருபது மணி நேரத்தில் வருகிறது" என்று வந்து நின்றார். சாயத்தின் அளவைச் சரிபார்த்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் 40. பிப்பெட் பிடிக்கும் விதத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு மூத்த மாணவரிடம் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் இப்படிக் கழிந்தது. தவறு அவருடையது என்று முடிவுகட்டிய பிறகு நான் தரவைப் பார்க்கவே இல்லை.

திருப்பம் மூத்த மாணவரால் வந்தது. அவர் அருகில் நின்று பார்த்தார். கைவேலையில் குறை இல்லை. ஒரே தட்டில், ஒரே புரதத்தில் மூன்று வரிசை போடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள்: எதுவும் சேர்க்காதது, கரைப்பான் சேர்த்தது, மஞ்சள் மூலக்கூறு சேர்த்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது முதல் வரிசையும் மூன்றாவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஏறியிருந்தன. நடுவில் இருந்த கரைப்பான் வரிசை மட்டும் 19 மணி நேரத்திலேயே ஏறிவிட்டிருந்தது.

தன் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் போகப்போகிறது என்று தெரிந்தே அவர் அந்தத் தட்டைப் போட்டார். இந்தப் பதிவில் யாரையாவது பாராட்ட வேண்டுமானால் அந்த இடத்தில்தான்.

குழாயைப் பின்தொடர்ந்தது

முதல் ஊகம் எளிமையானது: கரைப்பானே திரட்சியை விரைவுபடுத்துகிறது. புதிதாக ஒரு குழாய் தயாரித்துப் போட்டோம். விளைவு ஒன்றுமில்லை, எதுவும் சேர்க்காத வரிசையைப் போலவே இருந்தது. ஆக, குற்றம் கரைப்பானில் இல்லை, மேசைமேல் நின்ற அந்தக் குழாயில்.

அதிலிருந்த திரவத்தைப் பத்து, நூறு, ஆயிரம் மடங்கு நீர்த்துச் சோதித்தோம். நீர்க்காததில் 19 மணி நேரம், பத்து மடங்கில் 25, நூறில் 31, ஆயிரத்தில் 38. இந்த வரிசைதான் எனக்குக் காரணத்தைச் சொன்னது. சாதாரண வேதிப்பொருள் ஏதாவது கலந்திருந்தால், நூறு மடங்கு நீர்த்தபிறகு அதன் சுவடே இருக்காது. இங்கோ ஒவ்வொரு பத்து மடங்குக்கும் தாமதம் ஏறத்தாழ ஒரே அளவு, ஆறேழு மணி நேரம் மட்டுமே நகர்கிறது. தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஒன்றால்தான் இப்படி முடியும். நோயாளியின் தண்டுவட நீரில் மிக நுண்ணிய அளவு விதை இருக்கிறதா என்று பார்க்கும் பெருக்கச் சோதனைகளும் இதே இயல்பையே பயன்படுத்துகின்றன. அறியாமலேயே எங்கள் குழாயை நாங்கள் ஏழு மாதம் அப்படிச் சோதித்துக்கொண்டிருந்தோம்.

உறுதிக்காக, குழாயின் திரவத்தைப் புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் ஒரு மணி நேரம் சுழற்றினோம். மேலிருந்த தெளிவில் விளைவு பெரும்பாலும் போய்விட்டது. அடியில் படிந்ததைக் கலக்கிச் சேர்த்தபோது திரும்பி வந்தது.

அங்கே விதை எப்படி வந்தது? முதுமுனைவர் ஆய்வாளரின் வேலையே விதைகள்தான். ஒரே ஆல்ஃபா-சைனுக்ளின் வெவ்வேறு விதமாக மடிந்து இழையாக முடியும்; பல்தொகுதிச் சிதைவு என்ற, பார்க்கின்சனை ஒத்த நோய் உள்ளவர்களின் மூளையிலிருந்து பிரித்த இழைகளின் வடிவம் 2020லும், லூயி திரள் நோய்களின் இழை வடிவம் 2022லும் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெளிப்பட்டன. இரண்டும் வேறு வேறு. அதைப் போல இரண்டு வடிவங்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, ஒலியலையால் துண்டாக்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய குறிப்பேட்டைப் புரட்டினோம். ஒரு குறிப்பிட்ட நாளில், பொதுக் குழாயிலிருந்து கரைப்பான் எடுத்ததாக எழுதியிருந்தார். விதை ஊற்றிய பிப்பெட் முனையை மாற்றாமல் குழாய்க்குள் மறுபடி விட்டிருக்கலாம் என்றார். நினைவில்லை என்றும் சொன்னார். மூத்த மாணவரின் ஒப்பீட்டுத் தாமதம் பாதியானது அதற்கு அடுத்த வாரத் தட்டிலிருந்து. அதற்குமேல் துருவவில்லை. பொதுக் குழாய் என்ற ஏற்பாட்டை வைத்தவள் நான்.

ஒளி குறைந்தது ஏன்

தாமதத்தின் காரணம் தெரிந்துவிட்டது. மஞ்சள் மூலக்கூறு ஒளியைப் பாதியாக்கியது எதனால் என்ற கேள்வி நின்றது. இது விரைவில் தீர்ந்தது. முழுமையாக வளர்ந்து முடிந்த இழைகளில், சாயம் ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே அந்த மூலக்கூறைச் சேர்த்தோம். சில நிமிடங்களிலேயே ஒளி பாதியாகிவிட்டது. சோதனை முடிந்த குழிகளின் திரவத்தைச் சுழற்றி, படிவையும் தெளிவையும், புரதத்தைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டியபோது மூலக்கூறு சேர்த்ததிலும் சேர்க்காததிலும் படிந்த புரதத்தின் அளவு ஒன்றாகவே இருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டிலும் நீண்ட இழைகள். மஞ்சளாக இருக்கும் பொருள் நீல ஒளியை விழுங்குவதில் வியப்பில்லை. சாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று நாங்கள் மேலும் பிரித்துப் பார்க்கவில்லை.

இரண்டு தனித்தனிப் பிழைகள் ஒரே திசையில் விழுந்திருந்தன. ஐந்தில் எதைத் தேர்வது என்று வந்தபோது, சாயத்தை ஏமாற்றத் தெரிந்ததையே நாங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

பின் எடுத்த முடிவுகள்

உயிரணு வளர்ப்புக் குழுவுக்கு அன்றே தொலைபேசியில் சொன்னேன். எழுத்தில் தகவல் தயாராகும்வரை காத்திருந்தால் அவர்கள் இன்னும் ஒரு சுற்றுச் சோதனையில் இறங்கிவிடுவார்கள். நான்கு மாத வேலை அவர்களுக்கும் வீணானது. கோபப்பட்டார்கள்; அதற்கு உரிமை இருந்தது. மாநாட்டுச் சுருக்கவுரையைத் திரும்பப் பெற்றோம். அதைத் திருத்திய வடிவில் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை எழுந்தது. தலைப்பே அந்த மூலக்கூறைப் பற்றியதாக இருக்கும்போது திருத்துவதற்கு மிச்சம் எதுவுமில்லை.

குடும்பத்தினர் கூட்டத்துக்கு மறுபடி போனேன். அதே இரண்டு வளைகோடுகளைக் காட்டி, அருகில் மூன்றாவதையும் காட்டினேன். முன்பு கேள்வி கேட்டவர் வந்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் விதை ஒரு துளி விழுந்ததற்கே இவ்வளவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அன்று நீண்ட நேரம் பதில் சொன்னேன். நோயாளிகளுக்கு ஒட்டுப்போட்ட கருவின் நரம்பணுக்களில் பத்தாண்டுகளுக்கும் மேலான பிறகு லூயி திரள்கள் தோன்றியிருந்ததை 2008இல் கண்டதையும், திரட்சி ஓர் உயிரணுவிலிருந்து இன்னொன்றுக்குப் பரவக்கூடும் என்ற கருத்து அதன் பின் வலுப்பெற்றதையும் சொன்னேன்.

மூத்த மாணவரின் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் நீங்கியது. அதன் இடத்தில் குழாயைப் பின்தொடர்ந்த கதை, முறையியல் அத்தியாயமாக வந்தது. பட்டம் ஏழு மாதம் தாமதமானது.

மாற்றியவை

கரைப்பான் ஒவ்வொரு தட்டுக்கும் புதிதாக, தட்டு போடுபவர் கையால் தயாராகிறது. பொதுக் குழாய் கிடையாது. எல்லாத் தட்டிலும் எதுவும் சேர்க்காத ஆறு குழிகள் கட்டாயம். அவற்றின் தாமதத்தைச் சுவரில் ஒட்டிய தாளில் தேதிவாரியாகக் குறிக்கிறோம். அந்தத் தாள் அன்றே இருந்திருந்தால் 41 மணி நேரம் விந்தையாகத் தோன்றியிருக்காது, 19தான் தோன்றியிருக்கும்.

விதை வேலை தனி மேசைக்குப் போனது, தனிப் பிப்பெட்டுகளோடும் வடிகட்டி பொருத்திய முனைகளோடும். மேசையைத் துடைக்க முன்பு 70 விழுக்காடு ஆல்கஹால் வைத்திருந்தோம். கிருமிக்கு அது சரி. இழைகளை அது உடைப்பதில்லை. இப்போது முதலில் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் போன்ற பொருளின் ஒரு விழுக்காடு கரைசல், பிறகு தண்ணீர். புரதத்தைத் தட்டுக்கு முன் மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் கம்பத்தில் ஓட்டி, ஒற்றை மூலக்கூறுப் பகுதியை மட்டும் எடுக்கிறோம். சாயத்தின் ஒளியை மட்டும் நம்பி எந்த மூலக்கூறையும் கூடத்துக்கு வெளியே அனுப்புவதில்லை. படிவை ஜெல்லில் பார்க்க வேண்டும், நுண்ணோக்கியிலும் பார்க்க வேண்டும்.

விதை வேலையையே நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். மறுத்தேன். இந்தத் துறையில் இப்போது தெரிய வேண்டியதில் பாதி அதில்தான் இருக்கிறது.

அந்த ஏழு மாதத் தட்டுகளை எல்லாம் புதிய ஒப்பீட்டோடு திரும்பச் செய்தோம். தாமதப்படுத்துவதாகத் தோன்றிய ஐந்தில் எதுவும் தேறவில்லை. ஆறாவது, எதுவும் செய்யவில்லை என்று ஒதுக்கி வைத்தது, வேறு கதை. விதை கலந்த ஒப்பீட்டோடு அது சமமாக ஓடியது என்றால், விதை இல்லாமலேயே அந்த வேகத்தில் ஓடியிருக்கிறது என்று பொருள். புதிய தட்டுகளில் அது ஏற்றத்தை 40இலிருந்து 22 மணி நேரத்துக்குக் கொண்டுவருகிறது. திரட்சியை எது தூண்டுகிறது என்பதும் எங்களுக்குத் தேவையான விடைதான். ஜெல்லிலும் அதே வேகம் தெரிந்தது. நுண்ணோக்கிப் படங்கள் இன்னும் எடுக்க வேண்டியிருக்கிறது; முதலாண்டு மாணவி அதைத் தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.